பாடி மட்டும்

"கேமரா எப்பங்க வாங்கப் போறீங்க?"

"ஆடி வரட்டும் மாதேஸ்வரி. தள்ளுபடி போடுவான்."

ஆடி வந்தது, போனது. ஆயுத பூஜைக்கு இன்னும் இறங்கும் என்றார் ராமப்பன். அதுவும் போனபின் தீபாவளி என்றார். உத்தனப்பள்ளியில் கேமரா விலை அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. வாங்கத்தான் இல்லை.

மாதேஸ்வரியின் ஆசை பெரிதல்ல. வரும் கல்யாண நாளன்று அவளும் கணவரும் அவருடைய அண்ணன் கங்கப்பனும் ஒரே போட்டோவில் நிற்க வேண்டும். அவர்கள் கல்யாணத்துக்குப் போட்டோவே கிடையாது. நானே எடுக்கிறேன் என்று கிளம்பிய கங்கப்பன், நாள் முழுக்க கிளிக் கிளிக் என்று தட்டித் தீர்த்தார். பிலிம் போட மட்டும் மறந்துவிட்டார். அன்று நின்ற பேச்சுதான். அவர் பெங்களூருக்குப் போய்விட்டார்.

"உங்கண்ணனுக்கு ஒரு போன் போடுங்களேன்."

"மொதல்ல கேமரா வரட்டும்."

இறங்க வேண்டியது விலையா, வீம்பா என்று அவளுக்குச் சந்தேகம். அண்ணன் பேச்சு வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருக்கும்.

ஒருவழியாக பெங்களூர்க் கடை ஒன்றில் விலை இறங்கியது. இரண்டு விலை. "லென்ஸ் கிட்டுடன்" அதிகம், "பாடி மட்டும்" குறைவு. ஓசூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு இதில் என்ன குழப்பம்? கிட் என்பது புது பைக்கோடு நம் தலையில் கட்டும் சீட் கவர் மாதிரி ஏதோ ஒன்று. கொல்லைப்பக்கம் போய்க் கடைக்குப் போன் போட்டார்.

"பாடி மட்டும் போதுங்க. நாளைக்குக் காலைல பாடி வூட்டுக்கு வந்துடணும். வூட்ல இன்னும் சொல்லலைங்க. தெரிஞ்சா அழுதுடுவா."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவின் கை நின்றது.

மறுநாள் காலை நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், வீட்டு வாசலில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் மாதேஸ்வரி தெருப் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"யாரு செத்தது?" என்றார் ராமப்பன் பதறி.

"தெரியலைங்க. பாடி வருதுன்னாங்க. யாருன்னு கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு, நானும் அழுதுட்டேன்," என்றாள் மாதேஸ்வரி.

அதற்குள் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பெரிய மாலையோடு கங்கப்பன் இறங்கினார். "டேய் ராமா, எங்கிட்டப் பேசாமலே போயிட்டியேடா!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தவர், எதிரே நின்ற தம்பியைப் பார்த்ததும் மாலையைக் கீழே போட்டார். ஓங்கி முதுகில் ஒன்று வைத்தார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை போல அழுதார். ராமப்பனும் அழுதார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த கூரியர்காரர் ஒருவர் பெட்டியை நீட்டினார்.

"இதான்ணா பாடி," என்றார் ராமப்பன் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

கங்கப்பன் பிரித்துப் பார்த்தார். முன்பக்கம் வெறும் ஓட்டை.

"லென்ஸ் எங்கடா?"

"அது எக்ஸ்ட்ராண்ணா. நான்தான் வேணாம்னுட்டேன்."

"நானாவது பிலிமத்தாண்டா மறந்தேன்!"

அழ வந்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சாவு மாலையை யாரோ வேலிக்கு அப்பால் எறிந்தார்கள். மாதேஸ்வரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மூவரும் வாசலில் சேர்ந்து நின்றார்கள். கெலமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் திருமலை, தயாராகக் கொண்டுவந்திருந்த கேமராவில் படம் எடுத்தார். அவர் கெம்பம்மாவின் வீட்டுக்காரர்.

பக்கத்தில் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கெம்பம்மாவிடம் ராமப்பன் கேட்டார். "ஏம்மா, பாடின்னா என்னான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"போட்டோக்காரர் பொண்டாட்டிக்கு அது தெரியாதாண்ணா? வேற என்னா சொல்லியிருந்தா உங்கண்ணன் இப்பிடி ஓடியாந்திருப்பாரு?"