நின்றபடி பெண் பார்த்தேன்

மருத்துவர் சொல்வதில் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு, மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்ளும் ரகம் நான்.

பத்து வருட முடக்குவாதமும் அதற்காக விழுங்கிய ஸ்டீராய்டும் சேர்ந்து என் எலும்பின் பலத்தைக் குறைத்துவிட்டதாக ஸ்கேனில் தெரிந்தது. வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் தண்ணீரோடு. பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, படுக்கக் கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். (‘புண்’ணுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்கு நினைவில்லை.)

முதல் மாத்திரை போட வேண்டிய ஞாயிற்றுக்கிழமைதான் தம்பி குணாவுக்குக் கிள்ளானில் பெண் பார்க்கப் போனோம். அப்பா அம்மா இல்லாத வீட்டில் நான்தான் பெரியவள். விறைத்த விரல்களால் சேலை மடிப்பு வைக்கவே ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் அவர்கள் வீட்டு வாசலில், காருக்குள்ளேயே மாத்திரையை விழுங்கினேன்.

உள்ளே ஒரு சோபா. உட்கார்ந்தால் ஆளை மல்லாத்திவிடும் போலிருந்தது. நின்றேன்.

“உக்காருங்கக்கா,” என்றார் பெண்ணின் அம்மா.

“பரவால்லைங்க.”

“டீயாச்சும் குடிங்க.”

“வேணாங்க.”

“ஒரு வாய் கேசரி?”

“ஐயோ, வேணவே வேணாம்!” (இவ்வளவு பதறியிருக்க வேண்டாம்.)

அவர் முகம் சுருங்கியது. ஒரே இடத்தில் நின்றால் எனக்கு முட்டி வலித்தது. ஆகவே நடந்தேன். அலமாரிவரை, ஜன்னல்வரை, திரும்ப அலமாரிவரை. நடுநடுவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பெண்ணின் அப்பாவும் அதையே பார்க்க ஆரம்பித்தார்.

“அக்கா, உக்காரு லா!” குணா பல்லைக் கடித்தான்.

மருந்தகத்தில் வேலை பார்க்கும் மணப்பெண் தாரணி, டீத்தட்டோடு வந்து நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “இன்னும் பன்னெண்டு நிமிஷம்,” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். “புடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்கம்மா.”

தம்பியின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது. “எலும்பு மாத்திரைங்க! இப்பதான் கார்ல போட்டேன்!”

தாரணி தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். “வாரத்துக்கு ஒண்ணு போடுறதா? தாராளமா உக்காரலாம்க்கா. முதுகு நேரா இருந்தா போதும்.”

சமையலறையிலிருந்து ஒரு மரநாற்காலி கொண்டுவந்து போட்டாள். நான் விறைப்பாக உட்கார்ந்தேன். என் நேரம் முடியும்வரை அந்த வீட்டில் யாருமே டீயைத் தொடவில்லை. ஆறிப்போன டீயை எல்லாரும் சேர்ந்துதான் குடித்தோம். குணாவுக்கு முன்பே எனக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

அந்த வருடமே கல்யாணம். போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் உணவகமொன்றில் தாரணியின் மகள் தன் தோழிக்கு என்னை அறிமுகப்படுத்தினாள்: “இதுதான் எங்க நிக்கிற அத்தை.”

தோழி என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.