வீட்டுப்பாடத்துக்காக நான் எழுந்து நின்ற கதை

பத்து வயதுப் பிள்ளை இருக்கும் மண்டபத்தில் பெற்றவர்கள் எழுந்து நின்று எதையும் அடித்துப் பேசக் கூடாது. இந்த ஞானம் எனக்குப் புத்தகம் படித்து வரவில்லை. முந்நூறு பேர் முன்னால் பட்டுத் தெளிந்தது. (எண்பது பேர்தான் என்று என் கணவர் அன்ரன் திருத்துவார். அவர் எண்ணியது கதிரைகளை. எனக்கு அப்போது எண்ணும் நிலை இல்லை.)

மகள் ஷெரின், நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய டார்னெய்ட் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த தவணையிலிருந்து வீட்டுப்பாடத்தை நிறுத்த யோசிக்கிறார்களாம். பிள்ளைகள் ஓடி விளையாடட்டும், விரும்பியதை வாசிக்கட்டும் என்று எழுதியிருந்தது. இதுபற்றிப் பேச வியாழக்கிழமை பின்னேரம் பெற்றோர் வரவேண்டுமாம்.

"நல்லதுதானே. பிள்ளை கொஞ்சம் ஆறட்டும்," என்றார் அன்ரன்.

"உங்களுக்கென்ன விசரே? எல்லாப் பிள்ளையளும் ஆறினால் பிறகு ஆர் டொக்டராகிறது?"

பெற்றோரின் வாட்ஸப் குழுவில் அன்றே போர் மூண்டது. எந்தக் குளிர்நாட்டிலோ வீட்டுப்பாடமே இல்லை என்று ஒருவர் போட, அங்கே பிள்ளைகளுக்கு வாய்ப்பாடும் தெரியாது என்று நான் போட்டேன். (அந்த நாடு எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) எதிர்வீட்டுக் கோயம்புத்தூர்க் கவிதா உடனே தொலைபேசியில் வந்தாள். "ரெஜினாக்கா, நீங்கதான் பேசணும். நான் எந்திரிச்சா எனக்கு அழுகையே வந்துரும்." அதோடு நான் தலைவியானேன்.

இந்த இடத்தில் ஒரு சின்ன உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஷெரினின் வீட்டுப்பாடத்தில் கணக்கு அவளுடையது. மாதிரி செய்வது, படம் ஒட்டுவது, தலைப்பை நிழல்விட்டு எழுதுவது எல்லாம் என்னுடையது. முதலில் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுக்கத்தான் போனேன். எரிமலை செய்யும் காலம் வந்தபோது கத்தரிக்கோலை எடுத்துத் தரும் வேலை அவளுக்கு வந்திருந்தது. பிறகு அதுவும் வேண்டாம், போய் விளையாடு என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் பிரிஸ்டல் போர்டை விரித்தால், பின்னேரத் தேநீர்வரை நான் இந்த உலகத்தில் இல்லை. அவள் வயதில் நான் இடம்பெயர்ந்து ஒரு மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஒரு கொப்பியை இரண்டு பேர் பாவித்தோம். கலர் மட்டையைக் கையில் எடுத்தால் அதைக் கீழே வைக்க மனம் வராமல் போனது அதனாலாக இருக்கலாம். இதையெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை. பிள்ளையின் எதிர்காலத்துக்காகப் பாடுபடுகிறேன் என்றே நம்பினேன்.

வியாழக்கிழமை வந்தது. மண்டபத்தின் ஓரமாக நீண்ட மேசையில் பிள்ளைகள் வீட்டில் செய்த மாதிரிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வேலை முடிந்து வந்தால் மகனோடு வீட்டுப்பாடச் சண்டைதான், அவனோடு சிரித்துப் பேசி மாதக்கணக்காகிறது என்று ஒரு தகப்பன் சொன்னார். சபை இளகியது. விடக்கூடாது என்று நான் எழுந்தேன்.

ஆஸ்பத்திரிக் குசினியில் சட்டி கழுவும்போதெல்லாம் ஒத்திகை பார்த்த ஆங்கிலம். வீட்டுப்பாடம் பொறுப்பைப் பழக்கும் என்றேன். தன் கையே தனக்கு உதவி என்பதைப் பிள்ளை அதில்தான் கற்கும் என்றேன். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

"என் மகள் யாருடைய உதவியும் இல்லாமல்தான் செய்கிறாள். அதோ, அந்த நதியைப் பாருங்கள்!"

எல்லாரும் திரும்பினார்கள். மேசை நடுவில் என் நதி, நீலப் பட்டாய், கரையெல்லாம் பொன்னாய் மின்னியது. அன்ரனும் பார்த்தார்.

"இஞ்சையப்பா, அது நான் ஸ்பிரிங்வேலில வாங்கித் தந்த சீலையெல்லே?"

காதுக்குள் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். மண்டபத்தில் தமிழ் தெரிந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நான் கேட்காதவள்போல் முடித்தேன். கைதட்டல் விழுந்தது. கவிதா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள்.

அப்போதுதான் பள்ளி அதிபர் அம்மையார், வகுப்புத் தலைவர்களின் கருத்தையும் கேட்போமே என்று சிரித்தார். முன்வரிசையிலிருந்து ஐந்தாம் வகுப்புத் தலைவி ஷெரின் எழுந்தாள். கையில் ஒரு துண்டுக் காகிதம். அவள் பேசியது ஆங்கிலத்தில். மானம் போன மொழி அது, நான் தமிழில் தருகிறேன்.

"வீட்டுப்பாடத்தை நிறுத்த வேண்டாம்."

என் நெஞ்சு நிமிர்ந்தது.

"நிறுத்தினால் எங்கள் அம்மா பாவம். ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே விளையாடுவேன், அம்மா உள்ளே இருந்து என் வீட்டுப்பாடத்தைச் செய்வா. அவ நல்ல கெட்டிக்காரி. எரிமலைக்கு ஏ எடுத்தா. நதிக்கு பி வந்தபோது அழுதா. அவவுக்கு வேறு விளையாட்டு ஒன்றும் இல்லை. தயவுசெய்து யோசியுங்கள்."

நன்றி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

மண்டபமே சிரித்தது. கதிரைக்குக் கீழே இடமிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அந்த நேரம் பின்வரிசையில் ஒரு பெரிய மனிதர் மெல்லக் கையை உயர்த்தினார். "அந்தச் சூரியக் குடும்பம் நான் செய்தது," என்றார். இன்னொருவர் டைனோசருக்குப் பொறுப்பேற்றார். கவிதா என் தோளைத் தொட்டாள். "அந்தக் கோட்டை நான் செஞ்சதுதான்க்கா. ரெண்டு வாரம்." ஐந்து நிமிடத்தில் மேசையில் பாதி பெற்றோர் பெயருக்கு மாறிவிட்டது. அதற்குமேல் விவாதிக்க என்ன இருக்கிறது? வீட்டுப்பாடம் அன்றோடு நின்றது.

வெளியேறும்போது ஷெரினின் வகுப்பாசிரியை என்னைத் தேடி வந்தார். "அந்த பி-க்கு மன்னிக்க வேண்டும். ஒரு எழுத்துப்பிழை இருந்தது," என்றார். முகத்தில் கேலியே இல்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

காரில் பாதி வழியில் நான்தான், "ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?" என்று கேட்டேன்.

"பட் யூ லுக் சோ ஹாப்பி, அம்மா," என்றாள் ஷெரின். "நீங்க பாட்டெல்லாம் பாடுவீங்க."

நான் பாடியது எனக்கே தெரியாது.

அடுத்த வாரம் அதிபர் அழைத்தார். திட்டுவார் என்று பயந்து போனால், பள்ளி நாடகத்துக்கு ஒரு காடு வேண்டும், செய்து தருவீர்களா என்று கேட்டார். இம்முறை என் பெயரிலேயே செய்யலாமாம். காடு செய்தேன். மறுவருடம் கப்பல். அதற்கடுத்த வருடம் அரண்மனை. ஷெரின் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து விளையாடினாள், நூலகப் புத்தகங்களை வாசித்துத் தள்ளினாள், எனக்குத் தெரியாமல் கெட்டிக்காரியானாள். டொக்டராகும் யோசனை அவளுக்கு இல்லையாம். எனக்கும் அந்த அவசரம் போய்விட்டது.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு, வேறு பள்ளி. நான் மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் பசைப் போத்தலோடு பழைய பள்ளிக்கே போய் வருகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீர்க் கோப்பையை நீட்டும் முன்பே அன்ரன் தொடங்கிவிடுவார்.

"பிள்ளை எட்டுக்குப் போயிட்டாள். மனிசிதான் இன்னும் அஞ்சில. டீச்சர்மார் ஏத்திவிட மாட்டினமாம்."