“அவங்களுக்குத் தன்னம்பிக்கை இருக்குதா சார்?”

கோபம் வந்தால் இன்றைக்கும் என் வாயில் முதலில் கெட்ட வார்த்தைதான் வருகிறது. இதற்கு டாக்டரே விளக்கம் சொல்லியிருக்கிறார். பக்கவாதம் மூளையில் பேச்சு இருக்கும் இடத்தை அடித்துவிட்டால், யோசித்துப் பேசுகிற வார்த்தைகள் போய்விடுமாம். யோசிக்காமல் வருகிறவை தங்கிவிடுமாம். சிலருக்கு ஜெபம் தங்கும். எனக்குத் தங்கியது, லாரி ஓட்டிய என் அப்பா பிரேக் போடும்போதெல்லாம் சொன்ன ‘பேமானி’. (ஞாயிறு பூசை தவறாதவள் நான். மாதா கொஞ்சம் பார்த்துச் செய்திருக்கலாம்.)

மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். சீல் மெஷின் சத்தத்துக்கு மேல் என் குரல் கேட்கும். ஒருநாள் காலையில் வலது கையும் அந்தக் குரலும் ஒன்றாகப் போயின. என்ன சொன்னாலும் புரியும். பதில் மட்டும் வராது. பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று எல்லோரும் முடிவு கட்டிக்கொண்டு, என் முன்னாலேயே என்னைப் பற்றி ‘பாவம்’ பாடினார்கள். மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அப்போதுதான் ஒரு காலேஜிலிருந்து பிசியோதெரபி படிக்கும் தம்பி வந்தார். பக்கவாதம் வந்தவர்கள் வேலைக்குத் திரும்ப முடியுமா என்று அறிய வெளிநாட்டில் ஒரு கேள்வித்தாள் இருக்கிறதாம். நைஜீரியாவில் இக்போ பேசுகிறவர்களுக்கு அதை அவர்கள் மொழிக்கும் பிழைப்புக்கும் தக்கபடி மாற்றிவிட்டார்களாம். தமிழில் மாற்றியது நமக்குப் புரிகிறதா என்று பரீட்சை பார்க்க வந்திருந்தார். இடம், பங்குக் கோயில் ஹால். வேலை கொடுப்பவரும் வேண்டும் என்று தம்பி கேட்டதால் என் முதலாளியும் வந்தார். கணவரோடும் மகளோடும் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். (இன்டர்வியூ என்று நினைப்பு!)

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், என் கணவருக்கு எதிரே.

“பணிக்கு மீளத் திரும்புதல் குறித்துத் தங்களின் தன்னம்பிக்கை அளவினைக் குறிப்பிடுக” என்று படித்தார். இது தமிழ்தானா என்று நான் முழிப்பதற்குள் அவரே இறங்கி வந்தார். “அவங்களுக்குத் தன்னம்பிக்கை இருக்குதா சார்?”

“அதெல்லாம் எங்கங்க? பாத்ரூம் போகவே பொண்ணு புடிச்சிக்கணும்” என்றார் இவர். (பச்சைப் பொய்! நான் தனியாகப் போக ஆரம்பித்து எத்தனையோ நாளாகிறது.)

“முதலாளி ஒத்துழைப்பு தருவாரா?”

முதலாளி முந்திக்கொண்டார். “செலின் எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. ரெஸ்ட் எடுக்கட்டும். நான் வேற ஆள் போட்டுட்டேன்.”

வேறு ஆளா! திரும்பி இவரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார். இவருக்கு முன்பே தெரியும்.

‘என் வேலை எனக்கு வேணும், என்னைக் கேளுங்க’ என்று சொல்லத்தான் எழுந்தேன். இருந்த ஆத்திரமெல்லாம் தொண்டைக்கு ஏறியது.

“பேமானி!”

அந்த நேரம் பார்த்தா பங்குச்சாமியார் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும்? தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. பதறிப்போய், “மன்னிச்சிடுங்க ஃபாதர்” என்றேன். அப்படித்தான் சொன்னதாக நினைத்தேன். வெளியே வந்தது, “போடா பேமானி!”

“ஐயையோ!” என்று இவர் என் வாயைப் பொத்த வந்தார். அதோடு எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச நிதானமும் போயிற்று. இடது கையால் தம்பியின் கேள்வித்தாளைப் பிடுங்கினேன். தன்னம்பிக்கைக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை கட்டம் இருந்தது. தாளை மேசையில் போட்டு, அவர் பேனாவை எடுத்துப் பத்தில் குத்தினேன். தாள் கிழிந்து மேசையிலும் பள்ளம் விழுந்தது. பிறகு முதலாளி, புருஷன், தம்பி என்று விரலை நீட்டி, ஆளுக்கொரு பேமானி.

என் மகள் ஜெனிபர்தான் வாய் திறந்தாள். “அம்மாவக் கேளுங்க சார். அவங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்குது.”

தம்பி முகம் வெளுத்து, நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “ஏம்மா, உங்களுக்கு வேலைக்குப் போகணும்னு இருக்குதா?”

அத்தனை மாதத்தில் என்னிடம் நேராகக் கேட்கப்பட்ட முதல் கேள்வி. கோபத்தில் அழுதுகொண்டே தலையாட்டினேன். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விரலால் பதில் சொன்னேன். சாமியார் கடைசிவரை வாசல்படியைத் தாண்டவில்லை.

அதே கம்பெனியில் வேலை கிடைத்தது, தினம் அரை நாள். பாக்கெட்டில் லேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பேச்சு ஏறக்குறைய திரும்பிவிட்டது, அந்தக் கோபம் மட்டும் குறையவில்லை. நைஜீரியாவில் அதே கேள்வித்தாளுக்கு முன்னால் உட்கார்ந்த இக்போப் பெண்களை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அங்கேயும் புருஷன்தான் பதில் சொன்னானோ? அவர்கள் வாயில் எந்த வார்த்தை தங்கியதோ?

போன மாதம் கோட்டக்குப்பத்தில் புடவை எடுக்கப் போனோம். கடைக்காரர் வழக்கம்போல இவரைப் பார்த்து, “அம்மாவுக்கு என்ன கலர் காட்டட்டும் சார்?” என்றார்.

இவர் சட்டென்று ஒதுங்கி நின்றுகொண்டார்.

“அவங்களையே கேளுப்பா. ஒருதடவ நான் பதில் சொன்னதுக்கு எங்க ஃபாதரே திட்டு வாங்கினாரு.”