பால்ராஜ் நூலகம் பாதுகாக்கப்பட்ட வரலாறு

தன் நூலகங்களையும் அவற்றை உண்டாக்கிய முன்னோடிகளையும் மறந்த நாடு நாடே அல்ல என்று ஒரு நாள் மேலிடத்துக்குத் தோன்றியது. தோன்றிய மறுமாதமே ‘தேசிய நூலக முன்னோடிகள் நினைவுச் செயலகம்’ பாலத்துக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் திறக்கப்பட்டது. குளிர்சாதனம் இருந்தது, நான்கு உதவி இயக்குநர்கள் இருந்தார்கள், மீன் தொட்டிகூட இருந்தது. புத்தகம் மட்டும் இல்லை. செயலகத்துக்குப் புத்தகம் எதற்கு?

அந்த நேரத்தில் ஜார்ஜ் டவுனின் டத்தோ கிராமாட் வட்டாரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில், பால்ராஜ் நூலகம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. பால்ராஜ் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். சைக்கிளில் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். “படிச்சிட்டுத் திட்டுங்க, படிக்காம திட்டாதீங்க” என்று கையில் திணித்துவிட்டு வருவார். மழையில் நனைந்தவற்றை அவர் மனைவி அடுப்போரம் காயவைத்ததால், சில நாவல்களில் இன்னும் கருவாட்டு வாசனை உண்டு.

அவர் காலமான பிறகு நூலகத்தை வடிவம்மாள் பார்த்துக்கொண்டாள். மாக் மண்டின் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். அவளுக்கு ஒரே ஆசைதான்: புத்தகம் வாசலைத் தாண்டிப் போகவேண்டும். ஒன்றாவது போனால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

கடைவீட்டின் சொந்தக்காரரோ, மாடியைக் காலி செய்து காப்பிக் கடை வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். சுவர் முழுக்கப் புத்தகப் படம் ஒட்டுவதாக ஏற்பாடு. உடனே தனலெட்சுமி தலைமையில் ‘நூலகத்தைக் காப்போம்’ குழு கிளம்பியது. எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை தைத்துக்கொண்டார்கள். அந்தக் குழுவில் யாரும் அதுவரை ஒரு புத்தகம் இரவல் வாங்கியதில்லை என்பதை வடிவம்மாள் வெளியே சொல்லவில்லை.

செயலகத்திலிருந்து ஷான் என்ற இளம் அதிகாரி வந்து, அறையை மூலைக்கு மூலை படம் பிடித்தார்.

“கவலைய விடுங்கக்கா. பால்ராஜ் ஐயா முன்னோடி. இந்த இடம் இனிமே பாரம்பரியச் சொத்து. யாரும் கை வைக்க முடியாது.”

வடிவம்மாளுக்குக் கண் கலங்கியது. ‘யாரும்’ என்பதில் தானும் அடக்கம் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மேற்படி அறையிலுள்ள அனைத்தும் படத்தில் பதிவான நிலையிலேயே என்றென்றும் இருத்தல் வேண்டும்.

“அப்போ இரவல் குடுக்கிறது?” என்றாள் வடிவம்மாள்.

“குடுத்தா புத்தகம் நகரும் லா.”

“நூலகம்னா புத்தகம் வெளிய போகணும் தம்பி!”

“வெளிய போனா எப்படிக்கா பாதுகாக்கிறது?” ஷான் உண்மையாகவே வருந்தினார். பிறகு படத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். “ஜன்னலோரம் ஒருத்தர் உக்காந்து படிச்சாரே, எங்க?”

“பழனியப்பண்ணனா? அவர் வீட்டுல இருப்பாரு.”

“வீட்டுலயா? பதிவுல இங்கதானே இருக்காரு!”

ஆகவே பழனியப்பன் வரவழைக்கப்பட்டார். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, ஞாயிறு விடுமுறை. படத்தில் இருந்தபடியே ஒரு துப்பறியும் நாவலை அவர் கையில் வைத்தார்கள். பக்கம் நூற்றுப் பதின்மூன்று. இன்ஸ்பெக்டர் அலமாரிக் கதவைத் திறக்கிறார், பக்கம் முடிகிறது.

“தம்பி, ஒரே ஒரு பக்கம் திருப்பிக்கிறேன்.”

“அங்கிள், நீங்க அடுத்த பக்கம் போனா அது வேற வரலாறு ஆயிடும்.”

பழனியப்பன் வடிவம்மாள் பக்கம் சாய்ந்தார். “அலமாரிக்குள்ள ஆளா, பொணமா? அது மட்டும் சொல்லு வடிவு.”

“பொணம்தான்.”

“யாரு பொணம்?”

ஷான் இருமினார். பாரம்பரியம் காப்பாற்றப்பட்டது.

செய்தி பரவியதும் கூட்டம் படிக்கட்டிலிருந்து தெருமுனைவரை நின்றது. உலகத்திலேயே அசையாத வாசகர் ஜார்ஜ் டவுனில்தான் இருக்கிறார் என்று கைப்பேசிகள் அறிவித்தன. ஓர் அம்மா மகளைத் தூக்கிக் காட்டினாள். “பாரு கண்ணு, இவருதான் வாசகர்.”

“கடிப்பாராம்மா?”

“நீ சும்மா இருந்தா ஒண்ணும் செய்யமாட்டாரு.”

ஓராண்டு ஓடியது. ஆயிரக்கணக்கில் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். ‘இந்தப் புத்தகம் கிடைக்குமா’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இரவல் தடை செய்யப்பட்டிருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

வடிவம்மாள் குற்றத்தில் இறங்கத் துணிந்தாள். வாசலில் நின்று, வந்தவர்கள் காதில் முணுமுணுத்தாள்: “மூணாவது தட்டுப் பக்கம் கேமரா பாக்காது. ஒண்ணு எடுத்துப் பையில போட்டுக்க. நான் திரும்பிக்கிறேன்.”

“ஐயோ ஆண்ட்டி, திருட்டு லா!” என்று பதறினாள் நட்டாலி என்ற ஆசிரியை.

“அட்டையைப் படம் எடுத்துக்கிட்டேன், அது போதும்” என்றான் ஷர்வின் என்ற வாலிபன்.

பிறகு ஒரு காலை, மூன்றாவது தட்டில் ஓர் இடைவெளி. சிவப்பு அட்டை போட்ட தடி நாவல் போய்விட்டது!

வடிவம்மாள் பிள்ளையார் கோயிலுக்கு ஓடித் தேங்காய் உடைத்தாள். யாரோ எங்கோ விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறார்கள். ‘அறுநூறு பக்கம், சாமி. முடிக்கிறவரைக்கும் ஆள் மாட்டிக்கக் கூடாது.’

நான்கு உதவி இயக்குநர்களும் நான்கு கார்களில் பாலத்தைத் தாண்டி வந்தார்கள். தெருவெல்லாம் தேடினார்கள். கடைசியில் புத்தகம் அகப்பட்டது, நூலகத்தைக் காப்போம் குழுத் தலைவி தனலெட்சுமியின் வீட்டு முன்ஹாலில். கண்ணாடி அலமாரிக்குள், படிக அன்னம் இரண்டுக்கும் நடுவே, சின்ன விளக்கொளியில் அது நின்றது. சோபா உறைக்கும் அதற்கும் அப்படி ஒரு நிறப் பொருத்தம்.

எல்லோரையும் விலக்கிக்கொண்டு வடிவம்மாள் முன்னே போனாள்.

“எடுத்தது எடுத்தே, தனம். எதுவரைக்கும் படிச்சே?”

தனலெட்சுமிக்கு முகம் சுண்டிவிட்டது. “என்னக்கா இப்படிக் கேக்கிறீங்க? என்னைப் பாத்தா அப்படியா தெரியுது? பாரம்பரியப் பொருள்க்கா! ஒரு பக்கம்கூடத் தொறக்கல, சாமி சத்தியமா!”

ஷான் கையுறை போட்டுப் புத்தகத்தைச் சோதித்தார். உண்மைதான். செயலகத்தில்கூட இவ்வளவு தூய்மையாகப் பாதுகாத்திருக்க முடியாது. அதிகாரிகள் நால்வரும் தனியே போய்க் கலந்துபேசினார்கள். திரும்பி வந்து, திருட்டு ஏதும் நிகழவில்லை என்றும், ‘இல்லந்தோறும் திறவா நூல்’ திட்டம் இந்த வீட்டிலிருந்து அமலுக்கு வருவதாகவும் அறிவித்தார்கள். தனலெட்சுமிக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது.

மறுநாளே ஊர் திரண்டது. ஆளுக்கொரு புத்தகம், பூட்டிய கண்ணாடிப் பெட்டியோடு, சாவி செயலகத்தில். பால்ராஜ் ஆயுள் முழுக்க சைக்கிள் மிதித்தும் இத்தனை வீடுகளுக்குப் புத்தகம் போனதில்லை. பழனியப்பனையும் ஒரு குடும்பம் கேட்டது. அந்த அளவில் பெட்டி இல்லை.

கூட்டத்தில் ரூபினி என்ற புதுமணப் பெண் வடிவம்மாளிடம் தயங்கித் தயங்கி வந்தாள். “ஆண்ட்டி, நீல அட்டையில ஏதாச்சும் இருக்கா? எங்க வீட்டுத் திரைச்சீலை நீலம்.”

ஓராண்டுக்குப் பிறகு தன்னிடம் ஒருவர் வாய் திறந்து புத்தகம் கேட்டுவிட்டார்! வடிவம்மாள் ஓடினாள். கடைசித் தட்டிலிருந்து இரண்டை உருவி, முந்தானையால் தூசி தட்டி, மேசைமேல் வைத்தாள்.

“இது கொஞ்சம் வெளிர் நீலம்மா. பரவாயில்லையா?”