வெள்ளையில் வெள்ளையாய் என் பெயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்தது தப்பு என்று என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சொல்லியாகிவிட்டது. மீதிப் பாதிக்கு இன்னும் விஷயம் போய்ச் சேரவில்லை. இதைப் படித்துவிட்டு அவர்களும் தாராளமாகச் சொல்லலாம். நான் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நடந்ததை ஆளுக்கொரு மாதிரி கை கால் வைத்துச் சொல்லித் திரிகிறார்கள். அசல் ஆள் நான் உயிரோடு இருக்கும்போது நகல் எதற்கு என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பேர் போடாத பொருளே கிடையாது. சீரில் வந்த அண்டாவிலிருந்து ஊறுகாய்க் கரண்டி வரைக்கும் பேர் வெட்டியிருக்கும். என் மாமியாரின் டம்ளர் ஒன்றில் பேர், இனிஷியல், ஊர், கல்யாணத் தேதி எல்லாம் வெட்டி, கடைசியில் இடம் போதாமல் அடியிலும் வெட்டியிருக்கிறார்கள். கோயிலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் மூன்று இறக்கையிலும் பேர் எழுதுவார்கள். (சுற்றும்போது ஒரு எழுத்தும் தெரியாது. அதற்காகவே வேர்த்தாலும் பரவாயில்லை என்று விசிறியை நிறுத்தச் சொன்ன உபயதாரரை எனக்கு நேரில் தெரியும்.)

இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த நான் போய் விழுந்த தொழில், பேரே போடக்கூடாத தொழில்.

அதற்கு 'ஒயிட் லேபிள்' என்று பேர். கடைகளும் ஓட்டல்களும் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்புகிறார்கள் அல்லவா, பண்டிகை வாழ்த்து, தள்ளுபடி என்று? அந்த மெயிலுக்கு ஒரு டெம்ப்ளேட் வேண்டும். படம் எங்கே, வணக்கம் எங்கே, அமுக்க வேண்டிய பொத்தான் எங்கே என்று கட்டிவைத்த சட்டகம். அதை நான் காரைக்குடியில் உட்கார்ந்து செய்வேன். சென்னையில் இருக்கும் மார்க்கெட்டிங் கம்பெனி அதில் தன் பேரைப் போட்டுத் தன் கிளையண்ட்களுக்கு லிங்க் அனுப்பும். கிளையண்ட் லிங்க்கைத் தொட்டால் அவருக்கென்று ஒரு பிரதி வந்துவிடும். பிள்ளை பெறுவது நான், பேர் வைப்பது அவர்கள்.

அந்தக் கம்பெனியின் முதலாளி பிரதீப் சார். எனக்கு இருந்த ஒரே கம்பெனி அவருடையதுதான். அவரை நம்பித்தான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலையை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் ஓர் அறை எடுத்திருந்தேன். வேலையை விட்ட அன்றைக்குத் தாளாளர் சிரித்துக்கொண்டே, "எப்ப வேணாலும் திரும்பி வரலாம்மா, எடம் இருக்கும்" என்றார். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்ப்பதைவிடக் கிணறு வெட்டப் போகலாம். பிரதீப் சார் கையை விட்டால் பார்த்தே ஆகவேண்டும் என்பதுதான் நிலைமை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, சிங்கம்புணரியில் என் சித்தப்பா பேத்தியின் காதுகுத்து வரும்வரை.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலை சித்தப்பா. "என்னாத்தா, கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றியாமே?" என்றார்.

நான் பெருமையாக என் போனை எடுத்து ஒரு ஜவுளிக்கடையின் மெயிலைக் காட்டினேன். "இதான் சித்தப்பா. நான் செஞ்சது."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஒம் பேரு எங்குட்டு இருக்கு?"

"பேரு போட மாட்டாக சித்தப்பா. அதுதான் இந்தத் தொழில்ல விதி."

"பேரு போட முடியாத வேலையா?" அவர் குரலைத் தாழ்த்தினார். (தாழ்த்தினால் நாலு பந்திக்குத்தான் கேட்கும்.) "போலீசு கீலீசு வந்துராதுல்ல?"

பந்தியே சிரித்தது. உரக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் பாயசம் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரி பகலாகக் கண் எரிய எரியச் செய்கிறவள் நான், எனக்குப் போலீஸாம்!

மறுநாள் அறைக்குப் போனதும் முதல் வேலையாக மூல டெம்ப்ளேட்டைத் திறந்தேன். எல்லாப் பிரதிகளும் அதிலிருந்துதான் பிறக்கும். அதன் அடியில், இருப்பதிலேயே சின்ன எழுத்தில், 'வடிவமைப்பு: வே. தமிழரசி, சிங்கம்புணரி' என்று அடித்தேன். பின்னணி வெள்ளை. எழுத்தையும் வெள்ளையாக்கினேன். பேர் இருக்கிறது, ஆனால் யார் கண்ணுக்கும் தெரியாது. விதியும் பிழைத்தது, நானும் பிழைத்தேன். என்ன மூளைடி உனக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டீ வாங்கிவரப் போனேன். அந்த வாரம் பிரதீப் சார் தன் கிளையண்ட்கள் எல்லோருக்கும் லிங்க் அனுப்பினார். தமிழ்நாடு முழுக்க என் பேர் சத்தம் போடாமல் பயணம் போனது. எனக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். (பொய். போதவே போதாது.)

கொஞ்ச நாளில் பிரதீப் சாரே போன் செய்தார். காரைக்குடிப் பக்கம் பழைய பெரிய வீடு ஒன்றை ஓட்டலாக நடத்தும் ஓர் ஆச்சி அவருக்குக் கிளையண்டாகச் சேர்ந்திருந்தார். மெயில் அனுப்புவதற்கு முன்னால் ஆளை நேரில் பார்க்கவேண்டும் என்று ஆச்சி சொல்லிவிட்டாராம்.

"நீங்களும் வாங்க. லோக்கல் ஹெல்ப்பர்னு சொல்லிக்கிறேன். நீங்க எதுவும் பேச வேண்டாம்" என்றார் பிரதீப் சார்.

பேசாமல் இருக்க என்னைக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

ஆச்சிக்கு ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நாங்கள் போனபோது சலவைக்காரரிடம் ஒரு படுக்கைவிரிப்பின் கறையைக் காட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சண்டையை நிறுத்தாமலே, "வாங்க தம்பி, உக்காருங்க, சாப்பிடுங்க" என்று எங்களுக்கு வெள்ளைப் பணியாரம் வைக்கச் சொன்னார். பிறகு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

பிரதீப் சார் லேப்டாப்பைத் திறந்தார். "எங்க டீம் சென்னையில மூணு மாசம் ரிசர்ச் பண்ணி டிசைன் பண்ணது ஆச்சி" என்றார். (அந்த டீம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது பணியாரத்தை மென்றுகொண்டிருந்தது.) ஆச்சி தலையை ஆட்டினார். லேப்டாப்பில் வெள்ளைப் பக்கம், வீட்டு முகப்பின் படம், அழகான கறுப்பு எழுத்து. நன்றாகத்தான் இருந்தது. நான் செய்தது வேறு எப்படி இருக்கும்?

"உங்க போனுக்கும் ஒரு சாம்பிள் மெயில் அனுப்பியிருக்கேன், திறந்து பாருங்க ஆச்சி, அதுலயும் இதே அழகு இருக்கும்" என்றார் சார்.

ஆச்சி போனை எடுத்தார். திரை கன்னங்கரேல் என்று இருந்தது.

"கண்ணு ஆப்பரேசனுக்குப் பெறகு வெளிச்சம் கூசுது. மகன் வந்தப்ப இப்படிக் கறுப்பா மாத்திக் குடுத்துட்டுப் போனான்" என்றார் ஆச்சி.

டார்க் மோடு! கையிலிருந்த பணியாரத்தை இலையில் வைத்தேன். மெயில் செய்கிற எவளும் முதல் நாளே சோதித்துப் பார்க்கவேண்டிய விஷயம் அது. மூளைக்காரி நான் பார்க்கவில்லை. அந்தப் போனில் வெள்ளைப் பின்னணி கறுப்பாகிவிடும். கறுப்பு எழுத்து வெள்ளையாகிவிடும். ஏற்கெனவே வெள்ளையாக இருக்கிற எழுத்து வெள்ளையாகவே நிற்கும், நன்றாக, பளிச்சென்று. ஆச்சி இரண்டு விரலால் திரையை விரித்துப் பெரிதாக்கி, சத்தமாகவே படித்தார்.

"வடிவமைப்பு, வே. தமிழரசி, சிங்கம்புணரி. இது ஆரு தம்பி?"

பிரதீப் சார் எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் மார்க்கெட்டிங் ஆள் அல்லவா, தளரவில்லை.

"அது... ஃபான்ட் பேரு ஆச்சி. எழுத்து வகைக்குப் பேரு வைப்பாங்க."

"வே. தமிழரசின்னா?"

"ஆமா ஆச்சி. தமிழ் ஃபான்ட்."

"அப்ப சிங்கம்புணரி?"

"அது... நம்ம சர்வர் இருக்கிற இடம்."

"சிங்கம்புணரிலயா? சந்தைக்கு வாராவாரம் போறேன், எனக்குத் தெரியாம எங்குட்டுத் தம்பி வச்சிருக்கீக?"

"கிளவுட் ஆச்சி. கண்ணுக்குத் தெரியாது."

ஆச்சி போனை மேசைமேல் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒம் பேரு என்னாத்தா? வந்ததுலருந்து வாயவே தொறக்கலயே?"

மேசைக்கு அடியில் சாரின் ஷூ என் காலை மிதித்தது. லட்சுமி என்று ஏதாவது ஒரு பொய்ப் பேரைச் சொன்னால் முடிந்தது. வேலை நிற்கும், மாடி அறை நிற்கும், தாளாளரின் சிரிப்பை நான் பார்க்கவேண்டியதில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. ஆனால் அதற்குள் எனக்குள்ளே என்னவோ கொதித்துவிட்டது. ஹெல்ப்பர் என்றார், பொறுத்துக்கொண்டேன். சென்னை டீம் என்றார், வாயில் பணியாரம் இருந்ததால் பொறுத்துக்கொண்டேன். என்னை ஃபான்ட் என்றாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"தமிழரசி ஆச்சி. அப்பா பேரு வேலுச்சாமி. ஊரு சிங்கம்புணரி."

ஆச்சி போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். "தம்பி, ஒங்க ஃபான்ட்டு பேசுது" என்றார்.

"இது முழுக்க நான் செஞ்சது ஆச்சி" என்றேன். ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்துவானேன்? "மேல இருக்க படத்துலருந்து கீழ இருக்க பொத்தான் வரைக்கும். சார் கம்பெனி பேர மட்டுந்தான் ஒட்டுனாரு."

கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஆச்சி எழுந்து என்னைக் கட்டிக்கொண்டிருப்பார். இது காரைக்குடி. ஆச்சிக்குக் கோபம் வந்தது, அதுவும் என் மேல்.

"அது சரி. எங்க ஓட்டலுக்கு வர்றவுகளுக்கு நான் போடுற கடுதாசில ஒம் பேரு எதுக்கு? என்னையக் கேட்டியா?"

"கேக்கல ஆச்சி."

"இந்தா நிக்கிதே வாசக்கதவு. இதச் செஞ்ச ஆசாரி இதுல பேரு வெட்டிட்டா போனாரு?"

"வெட்டிருந்தா இன்னைக்கு அவுக பேரு தெரிஞ்சிருக்கும்ல ஆச்சி? இப்ப ஆருக்குத் தெரியும்?"

சலவைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிரதீப் சார் லேப்டாப்பை மூடினார். ஆச்சி கதவைப் பார்த்தார். ஆசாரியின் பேர் அவருக்கும் தெரியாது. அதுவே அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பிவிட்டது.

"நல்லாருக்கு ஒங்க கம்பெனி! ஒருத்தரு இல்லாத கதையச் சொல்றாரு, ஒருத்தி இருக்க பேர ஒளிச்சு வைக்கிறா. எனக்கு மெயிலும் வேணாம், ஒண்ணும் வேணாம். எலையில இருக்கத மிச்சம் வைக்காம சாப்பிட்டுக் கெளம்புங்க" என்று எழுந்துவிட்டார். நான் மிச்சம் வைக்கவில்லை. சார்தான் வைத்தார்.

வெளியே வந்ததும் சார் வெடித்தார். "உங்களால ஒரு கிளையண்ட் போச்சு."

"நீங்க ஃபான்ட்னு சொன்னதால போச்சு சார்."

"எல்லாப் பிரதியிலயும் உங்க பேர எடுத்துக் குடுத்துட்டுப் போயிடுங்க. இனிமே உங்களுக்கு வேலை இல்ல." காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. டவுன் பஸ்ஸுக்காக நான் நின்ற இடத்தில் நிழல்கூட இல்லை.

பேரை எடுத்துக் கொடுத்தேன். அடுத்தவர் கடிதத்தில் கேட்காமல் போட்டது அதிகப்பிரசங்கித்தனம், அந்த மட்டுக்கும் ஒப்புக்கொள்கிறேன். போட ஆசைப்பட்டதைத் தப்பு என்று எவர் வந்து சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு பிரதியாகத் திறந்து என் பேரை நானே அழித்தபோது அழுகையாக வந்தது. அழுதேன், திட்டினேன், மூக்கைச் சிந்திவிட்டு அடுத்ததைத் திறந்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரர் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, பள்ளிக்கூடத்துக்குப் போன் போடவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போட்டீகன்னா உரக்கடைலதான் படுக்கணும்" என்றேன்.

அறையைக் காலி செய்யவில்லை. சென்னையை நம்பாமல் நானே தேடிப் போனேன். காளையார்கோவிலில் ஓர் அரிசி ஆலை, அரியக்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. எல்லோரிடமும் முதல் பேச்சு ஒன்றுதான்: அடியில் என் பேர் கறுப்பு மையில் இருக்கும், சம்மதமா? முடியாது என்று சிலர் போனார்கள். போகட்டும். இழுத்துப் பிடித்துத்தான் மாதம் ஓடுகிறது. ஓடுகிறது என்பதைக் கவனிக்கவும்.

ஆச்சி இன்றுவரை எனக்கு ஒரு வேலையும் தரவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் மட்டும் நாலு பேருக்குக் கேட்க, "என்ன ஃபான்ட்டு, சௌக்கியமா?" என்பார். அது எப்படியோ சிங்கம்புணரிக்குப் போய், இப்போது சித்தப்பா வீட்டில் எனக்கு அதுதான் பேர். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள்கூட "ஃபான்ட்டு அக்கா வீடு இதானே?" என்று கேட்டு வருகிறார்கள். விருந்தாளி வந்தால் என் வீட்டுக்காரர் விடமாட்டார். "லைட்ட அணைங்கப்பா, அப்பத்தான் இவ பேரு தெரியும்" என்று ஆரம்பித்துவிடுவார்.

போன மாதம் என் அறைக்கு வெளியே, மாடிச் சுவரிலிருந்து கீழே தொங்கும்படி போர்டு மாட்டினேன். வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து, 'வே. தமிழரசி', அதற்குக் கீழேதான் தொழில். மாட்டிய அன்றைக்கே கீழ்க்கடை டெய்லர் அண்ணன் மேலே ஏறி வந்தார்.

"ஒங்க போர்டு எங்க கடை ஜன்னல முழுசா மறைக்கிதும்மா. ஊசில நூல் கோக்கக்கூட வெளிச்சம் இல்ல. எழுத்தக் கொஞ்சம் சின்னதாப் போடக்கூடாதா?"

"சின்னதாப் போட்டுப் பாத்தாச்சுண்ணே" என்றேன்.