அருமனையிலிருந்து மஸ்கட்டுக்கு ஒரு பசு

"கிணத்துப் பக்கத்துல நிக்குறது ஆரு?" என்று கேட்டாள் ஜெஸ்மி, மஸ்கட்டிலிருந்து.

எபிசன் ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "எந்தக் கிணறு?"

"நீங்க வரைஞ்சு அனுப்புன படத்துல. பின்னல் போட்டுட்டு ஒருத்தி நிக்கா."

"ஏட்டி, அது பசு. பின்னலில்ல, வாலு."

"பசு ரெண்டு காலுலயா நிக்கும்?"

"மத்த ரெண்டும் அந்தப் பக்கம்."

போனை வைத்துவிட்டாள்.

அவன் மனைவி ஜெஸ்மி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறந்தநாளுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாட்ஸப்பில் ஊரெல்லாம் சுற்றிவரும் ரோஜாப்பூ வேண்டாம். கையால் ஒரு படம் வரைந்து, நாலு வரி எழுதித் தபாலில் போட வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எபிசன் பென்சில் பிடித்தது அதுவே முதல் தடவை.

அன்றைக்கே பசுவைக் கிணற்றடியில் நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்பினான்.

"போட்டோல நிக்குறது பசு," என்று பதில் வந்தது. "படத்துல நிக்குறது ஆரு?"

மறுபடி வரைந்தான். நாலு காலும் தெரிந்தன. அளவு புரியட்டும் என்று பசுவுக்குப் பக்கத்தில் தன்னையும் நிறுத்தினான். தபால் போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று.

"பசு சரி. நீங்க எதுக்கு குச்சி மாதிரி இருக்குதிய? தீனமா? சீக்க எங்கிட்ட மறைக்குதியளா?"

மூன்றாவது படத்தில் எபிசன் தொப்பையோடு உட்கார்ந்து சோறும் மீன்கறியும் சாப்பிட்டான்.

"ரெண்டு தட்டு இருக்கு. இன்னொண்ணு ஆருக்கு?"

"அது பப்படம்."

"அவ்வளவு பெரிய பப்படமா? கிறிஸ்மஸுக்கு லீவு போடவா வேண்டாமான்னு யோசிச்சு சொல்லுதேன்."

அவள் ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு பப்படம் அதை மூன்றாக்கிவிடும் போலிருந்தது.

தபால்காரி பிந்துதான் வழி சொன்னாள். "எல்லாத்துக்கும் பேரு எழுதிருங்க அண்ணே. பின்ன சந்தேகமே வராதுல்லா."

எழுதினான். அம்புக்குறி போட்டு வீடு, கிணறு, பசு, பப்படம், நான்.

"பசுவுக்குப் பேரு இருக்கு, பப்படத்துக்குப் பேரு இருக்கு," என்றாள் ஜெஸ்மி. "எம் பேரு எங்க?"

நாலு படத்திலும் அவள் இல்லை.

ஐந்தாவது படத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கோயிலுக்குப் போய்வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளை வரைந்தான். இடது புருவத்துத் தழும்பு, சிரிக்கும்போது கொஞ்சம் கோணும் வாய். அழித்து அழித்து இரண்டு தாள் ஓட்டையாயின. கீழே எழுதினான்: "நீ இல்லாம வீடு வீடா இல்ல. பசுவும் அதத்தான் சொல்லுது."

தபால் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பிந்து போனில் பார்த்துச் சொன்னாள். எபிசன் ஜெஸ்மியைக் கூப்பிட்டான்.

"படம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்பிடி இருக்கு?"

"பாத்துட்டுச் சொல்லுதேன்."

பத்து நாளும் இதே பதில். அவள் திட்டினால்கூடத் தேவலை என்று ஆகிவிட்டது அவனுக்கு.

பதினோராம் நாள், ஜெஸ்மியோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் பிரீனா லீவில் ஊருக்கு வந்தவள், கோடாலித் தைலமும் பால்மாவு டின்னும் கொடுக்க வீட்டுக்கு வந்தாள்.

எபிசன் பையை வாங்கக்கூட இல்லை. "அவ கிறிஸ்மஸுக்கு வருவாளா, மாட்டாளா?"

"டிக்கெட்டு ஜூன் மாசமே எடுத்தாச்சே அண்ணே."

"பின்ன எதுக்கு படத்தப் பத்தி ஒண்ணும் சொல்லாம இருக்கா?"

பிரீனா பையைத் தரையில் வைத்தாள்.

"நல்லாருக்குன்னு சொன்னா நீங்க வரையுறத நிறுத்திருவியளாம், அதனால இந்தப் படத்துலயும் ஒரு குத்தம் கிடைக்குமான்னு ரூம்ல நாங்க அஞ்சு பேரும் பத்து நாளா தேடுதோம், ஒண்ணும் கிடைக்கல அண்ணே."