நான் அந்த அன்ரன் இல்லை

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்பவன் கெட்டுப்போவான் என்பதற்கு ஏதாவது பழமொழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. இப்படியும் ஒரு மடையன் பிறப்பான் என்று முன்னோர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த மடையனுக்குப் பெயர் சந்தியோகு அன்ரன். சந்தியோகு அப்பா, அன்ரன் நான். ஊர் வங்காலை. மன்னாரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம். பெயர் என் தனிச்சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் புனிதர்கள் கொஞ்சப் பேர், பிள்ளைகள் கனபேர். ஆகவே பெயர்களைப் பங்குபோட்டுத்தான் பாவிக்க வேண்டும். எங்கள் ஊரில் மட்டும் மூன்று சந்தியோகு அன்ரன்கள். நான் கிளாக்கர் அன்ரன். என்னோடு ஒன்றாகப் படித்துவிட்டுக் கடற்கரையில் மீன்வாடி நடத்துபவன் வாடி அன்ரன். மூன்றாமவர் எப்போதோ செத்துச் சேமக்காலையில் நித்திரையாகிவிட்டார். (எங்கள் மூவரில் நிம்மதியானவர் அவர்தான் என்று பிறகு தெரியவந்தது.)

சில வருடங்களுக்கு முன்னர் அரசாங்கம் பயங்கரவாதத்தோடு தொடர்புடையவர்கள் என்று ஒரு பெயர்ப்பட்டியலை வர்த்தமானியில், அதாவது அரசிதழில், போட்டது. அது வட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. வாக்காளர் இடாப்பில் பெயர் தேடுகிறவன்போல விரலை வைத்துக் கீழே இறங்கினேன். நடுவில் விரல் நின்றுவிட்டது. சந்தியோகு அன்ரன். பக்கத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டு விலாசம்.

நான் எந்த நாட்டுக்கும் போனதில்லை, யாருக்கும் கல்லெறிந்ததில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பட்டியலில் பெயர் வருவது லேசான காரியமில்லை. பெயர் வாசித்துக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்களின் படங்களை இன்னும் மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற தாய்மார் இருக்கிறார்கள். அது தெரிந்தவன் பட்டியலைச் சும்மா மூடிவைக்க மாட்டான்.

ஓடிப்போய் வாடி அன்ரனிடம் காட்டினேன். அவன் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே ஒருதரம் எட்டிப் பார்த்தான்.

"உது ஆரோ வெளிநாட்டுக்காரன் மச்சான். நீ பேசாமல் இரு."

"பேர் எங்கட பேரடா."

"பேர் எங்கடதுதான். ஆள் நாங்கள் இல்லைத்தானே. பேசாமல் இரு எண்டுறன்."

பேசாமல் இருப்பது ஒரு கலை. அது எனக்குப் பிறவியிலேயே இல்லை.

அதே வருடம் என் தம்பி ரஞ்சனுக்குக் கலியாணம் சரிவந்தது. அவன் பிரான்சில் இருக்கிறான். பொம்பிளை வீட்டார் சண்டைக் காலத்தில் இங்கிருந்து போய்த் திருச்சியிலேயே தங்கிவிட்டவர்கள். கலியாணமும் திருச்சிக் கோயிலில்தான். என் மனைவி ரெஜினா பிள்ளைகளையும் அம்மாவையும் கூறைப்புடவையையும் கூட்டிக்கொண்டு (புடவைக்குத்தான் முதல் மரியாதை) ஒரு கிழமை முன்னதாகவே போய்விட்டாள். தாலிக்கொடி மட்டும் பாக்கி. அம்மாவின் பழைய நகையை உருக்கிச் செய்யக் கொடுத்திருந்தோம். மன்னார்ப் பத்தர் இழுத்தடித்துக் கடைசியில்தான் தந்தார். அதைக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேர விமானம். அதை விட்டால் அடுத்தது மறுநாள் பின்னேரம், தாலி கட்டி முடிந்த பிறகு.

தலைமன்னாரில் நின்று கல்லெறிந்தால் இந்தியாவில் விழும் என்று வெளியூர்க்காரர் சொல்வார்கள். அந்தக் கல்லுக்குப் பாஸ்போட் தேவையில்லை. எனக்குத் தேவை. ஆகவே மேற்கே இருக்கிற நாட்டுக்குப் போக, ஏழு மணித்தியாலம் தெற்கே பஸ்ஸில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கம்பியூட்டரும், அதற்குள் என் பெயரும்.

நான் கிளாக்கர். என் வாழ்க்கையில் எந்தப் பிரச்சினைக்கும் எனக்குத் தெரிந்த ஒரே மருந்து கடிதம். மேசைக்கு முன்னால் வந்து நிற்பவரிடம், "இதுக்கு இன்னொரு கடிதம் கொண்டுவாங்கோ" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன். என்னையே நான் திருப்பி அனுப்பினேன், கடிதம் கொண்டுவா என்று.

முதலில் கிராம சேவகர். "இவர் நன்னடத்தை உள்ளவர்" என்று எழுதித் தந்தார். பிறகு ஒரு சமாதான நீதவான். பிறகு மீனவர் சங்கத் தலைவர் (நான் கடலில் கால் வைத்தால் ஓங்காளித்துச் சத்தி எடுப்பவன்; இருந்தும் சங்கத்துக்கு என்னில் நல்ல அபிப்பிராயம்). பிறகு எங்கள் குடும்ப வைத்தியர், இரத்தத்தைக் கண்டால் எனக்கு மயக்கம் வரும் என்று மருத்துவ ரீதியாக உறுதிப்படுத்தினார்.

கடைசியாக எங்கள் கோயில் பங்குச்சாமி. அவர் புதிதாக வந்தவர், இளம் சாமி, பொய் சொல்லத் தெரியாதவர். நான் பயங்கரவாதி இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும் என்றேன். அவர் கொஞ்சநேரம் யோசித்தார்.

"அன்ரன், நான் இஞ்சை வந்து மூண்டு மாசம்தானே. அதுக்கு முந்தி எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சதை எழுதுங்கோ சாமி."

தெரிந்ததை எழுதினார். "கடந்த மூன்று மாத காலத்தில் இவர் பயங்கரவாதச் செயல் எதிலும் ஈடுபட்டதை நான் காணவில்லை." கீழே கையெழுத்து, பங்கின் முத்திரை. முத்திரையைக் கண்ட சந்தோஷத்தில் நான் வசனத்தை வாசிக்கவில்லை.

எல்லாவற்றையும் நீல அட்டைக் கோவை ஒன்றில் ஒழுங்காகக் கோத்தேன். ஒரு கோவையென்றால் அது எதைப் பற்றியது என்று முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும் என்பது கந்தோர் விதி. ஆகவே வர்த்தமானிப் பட்டியலை அச்செடுத்து, என் பெயருக்கு மஞ்சள் பூசி, அதை முதலாம் பக்கமாக வைத்தேன். என் மூளை அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்த நாள் வேறில்லை.

வாடி அன்ரனுக்கு வேளாங்கண்ணியில் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. அவனும் அதே விமானத்துக்கு ரிக்கற் எடுத்திருந்தான். ஒன்றாகப் போவோம் என்றான். நான் மறுத்துவிட்டேன். ஒரே பெயரில் இரண்டு பேர் பக்கத்தில் நின்றால் கம்பியூட்டர் என்ன நினைக்கும்? விமான நிலையத்தில் அவனைத் தெரியாதவன் மாதிரிப் பத்து ஆள் இடைவெளி விட்டுப் பின்னால் நின்றேன். அவன் ஒரு பொலித்தீன் பையில் பனங்கிழங்கோடு, ஒரு கடிதமும் இல்லாமல், குடிவரவு மேசைக்குப் போனான். பாஸ்போட்டை நீட்டினான். 'டொக்' என்று முத்திரை விழுந்தது. போய்விட்டான்.

புத்தியுள்ளவன் அதிலிருந்து பாடம் படித்திருப்பான். நான் நினைத்தது வேறு: 'அந்த மேசைக்காரர் கவனிக்கவில்லை. என் மேசையில் அகப்படுவேன்.'

என் மேசையில் ஓர் இளம் பெண் அதிகாரி. பாஸ்போட்டை மெசினில் வைத்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாள். தம்பியின் கலியாணம் என்றேன். நல்லது என்று சிரித்து, முத்திரையைக் கையில் எடுத்துவிட்டாள். முத்திரை மேலே போய்விட்டது. கீழே வரவேண்டியதுதான் மிச்சம்.

அந்த இடைவெளியில் என் வாய் திறந்தது.

"மிஸ், லிஸ்டில இருக்கிறது நான் இல்லை."

முத்திரை அந்தரத்தில் நின்றது.

"மொன லிஸ்ட் எகத?" என்றாள். எந்த லிஸ்ட் என்று கேட்கிறாள்.

இதற்குத்தானே காத்திருந்தேன். கோவையைத் திறந்து மேசையில் வைத்தேன். பயங்கரவாதிகளின் பட்டியல். அதில் மஞ்சள் பூசிய பெயர். அவள் கையில் அதே பெயரோடு பாஸ்போட். அவள் முத்திரையை மெல்ல, குழந்தையைக் கிடத்துவதுபோல, பக்கத்தில் வைத்துவிட்டு ரெலிபோனை எடுத்தாள்.

உள்ளே ஒரு சின்ன அறை. இரண்டு கதிரை, ஒரு மேசை, தொப்பை வைத்த ஒரு மூத்த அதிகாரி. நல்ல மனிதர். சிங்களத்தில்தான் பேசினார், தமிழும் ஓரளவு விளங்கும். கோவை முழுவதையும் பொறுமையாக வாசித்தார். சாமியின் கடிதத்தில் மட்டும் நின்று, இரண்டாம் தரம் வாசித்தார்.

"மூன்று மாதம். அதற்கு முன்?"

சாமியிடம் வேறு விதமாக எழுதக் கேட்டிருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

அவர் தன் கம்பியூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: பட்டியலில் உள்ளவருக்கு என்னைவிட இருபது வயது கூட. வேறு பிறந்த திகதி, வேறு நாட்டுப் பாஸ்போட். அதனால்தான் மெசின் என்னைப் பிடிக்கவில்லை.

"அப்ப நான் போகலாமோ சேர்?"

"வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போயிருக்கலாம்" என்றார். "இப்போது நீங்களே சொல்லிவிட்டீர்கள். சொன்னால் நான் எழுத வேண்டும். எழுதினால் மேலே அனுப்ப வேண்டும். அனுப்பினால் பதில் வரும்வரை விட முடியாது."

இந்த வசனம் எனக்கு நன்றாகத் தெரியும். நறுவிலிக்குளத்தில் வயலை விட்டுவிட்டு விடிய வெளிக்கிட்டு வருகிற கமக்காரருக்கு என் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அந்தப் பக்கத்துக் கதிரை இவ்வளவு கடினமானது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அவர் ஒரு படிவத்தை எடுத்தார். பயணி ஏன் தடுக்கப்பட்டார் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று அவருக்கே தெரியவில்லை. பேனாவைக் கடித்தார். கடைசியில், "தான் பட்டியலில் இல்லை என்று பயணி கூறியதால்" என்று எழுதினார்.

விமானத்துக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பையைச் சோதித்தபோது தாலிக்கொடிப் பெட்டி வந்தது. திறந்து பார்த்தார். அம்மாவின் நகை, நடுவில் புறாவும் சிலுவையும். அவர் முகம் மாறிவிட்டது.

"நாளைக்கா?"

"நாளைக்குக் காலமை பூசை சேர்."

வீட்டாரை அழையுங்கள் என்றார். ரெஜினாவுக்கு எடுத்து, அவர் சொன்னபடி ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அதிகாரி, "உங்கள் கணவர் எப்படிப்பட்டவர்?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"எப்பிடிப்பட்டவர் எண்டோ? ஒரு பல்லியைக்கூட அடிக்கமாட்டார், நான்தான் அடிக்கிறது. சொல்லுங்கோ அவருக்கு."

சொன்னேன்.

"கொடி பத்திரமா இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப சேரிட்டைச் சொல்லுங்கோ, கொடியை அனுப்பிப்போட்டு உங்களை வைச்சிருக்கச் சொல்லி."

இதை மொழிபெயர்ப்பதா விடுவதா என்று யோசித்தேன். தேவை இருக்கவில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ரெஜினாவின் குரல் தணிந்தது. "பகிடி இல்லையப்பா. மாமி பெட்டியை எதிர்பார்த்து வாசலிலையே இருக்கிறா. நான் என்ன சொல்ல?"

மேசையில் கிடந்த பெட்டியைப் பார்த்தேன். அம்மாவின் நகை. அவ வாழ்க்கையில் மிஞ்சிய ஒரே பொன். என் கோவையால் அது இங்கே மாட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, உங்களுக்குத் தெரிந்த யாராவது இதே விமானத்தில் இருக்கிறார்களா என்று கேட்டார்.

இருந்தான். பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் கடதாசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உங்கள் பெயரைக் கேட்கவில்லை என்றார். அதுதான் அவன் பெயரும் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் விமான நிலையம் முழுக்க ஒலிபெருக்கியில், பயணி சந்தியோகு அன்ரன் உடனே வரவும் என்று கேட்டது. நான் என்னை அறியாமல் எழும்பி நின்றுவிட்டேன். "நீங்கள் இருங்கள்" என்றார் அதிகாரி.

வாடி அன்ரன் பனங்கிழங்குப் பையோடு வந்தான். அறையைப் பார்த்தான், கோவையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரி அவனுடைய பாஸ்போட்டை விரித்தார். பக்கத்தில் மஞ்சள் பூசிய பட்டியல். அதே பெயர், ஓர் எழுத்துக்கூடப் பிசகில்லை. இவனையும் இருத்தப் போகிறார், கலியாணம் போச்சுது என்று நான் மனதுக்குள் செபமாலை சொல்லத் தொடங்கினேன். வாய் மட்டும், வாழ்க்கையில் முதல் தடவையாக, மூடியிருந்தது.

அதிகாரி நெடுநேரம் பார்த்துவிட்டுப் பாஸ்போட்டை மூடி அவன் கையில் கொடுத்தார்.

"இவர் எதுவும் சொல்லவில்லைத்தானே" என்றார்.

வாடி அன்ரன் தாலிக்கொடிப் பெட்டியைச் சட்டைக்குள் வைத்தான். வாசலில் மட்டும் ஒருக்கால் திரும்பினான். "நான் அண்டைக்கே சொன்னனான் மச்சான்."

விமானம் போய் ஒரு மணித்தியாலத்தின் பின் பதில் வந்தது: இவர் அவர் இல்லை. கையைக் குலுக்கி, நாளைக்குப் போகலாம் என்றார் அதிகாரி. எழுதியதை அழித்துவிடுவீர்களா என்று கேட்டேன்.

"எழுதத்தான் எனக்கு அதிகாரம். அழிக்க இல்லை. யாருக்கு இருக்கிறது என்று எனக்கும் தெரியாது."

அதன்பின் நான் எந்த நாட்டுக்குப் போனாலும் மெசின் என்னைக் கண்டு ஒருதரம் திடுக்கிடும். அறைக்குள் கூப்பிடுவார்கள், விசாரிப்பார்கள், விடுவார்கள். முன்பு விசாரிக்கப்பட்டவர் என்பதால் விசாரிக்கிறார்களாம். பட்டியலில் உள்ள அசல் அன்ரன் இந்தப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை. அவருக்காக ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம் அந்தக் கதிரையில் நான் இருந்து கொடுக்கிறேன்.

மறுநாள் நான் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கலியாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்திருந்தது. மாப்பிள்ளையின் தமையன் தாலிக்கொடியைக் கொண்டுவரவும் என்று சாமியார் கூப்பிட்டபோது, பெட்டி யார் கையில் இருந்ததோ அவன் எழும்பிப் போயிருக்கிறான். போனவனைப் படம் பிடிப்பவர் விடவில்லை. குடும்பப் படத்திலும் நிறுத்திவிட்டார்.

அந்தப் படம் இப்போது பிரான்சில் தம்பி வீட்டு வரவேற்பறையில் பெரிதாகத் தொங்குகிறது. அம்மா, ரெஜினா, பிள்ளைகள், ரெஜினாவுக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட வாடி அன்ரன். கீழே தங்க எழுத்தில் எல்லோருடைய பெயரும் இருக்கிறது. தம்பியின் மகள் வீடியோ அழைப்பில் என்னைக் காணும்போதெல்லாம், பெரியப்பா எங்கே என்று கேட்கிறாள். வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

போன நத்தார்ப் பண்டிகைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் படத்தில் 'அண்ணா சந்தியோகு அன்ரன்' என்று இருக்கிறதே, அதையாவது திருத்தக்கூடாதா என்று வீடியோ அழைப்பில் தம்பியிடம் கேட்டேன். அவன் எழும்பிப் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிட்ட நின்று வாசித்துவிட்டு வந்தான்.

"ஏன் அண்ணா, பேர் சரியாத்தானே இருக்கு?"